செம்மறிக்குத் தகுந்த நிலம்: ஈரானிய மேய்ச்சல் வெளிகளும் கணினிப் படங்களும்

ஒரு நிலம் உழவுக்குத் தகுந்ததா என்று கேட்டால், மண்ணை அள்ளிப் பார்த்தும், கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்தும், பக்கத்து வயல்காரரை விசாரித்தும் ஒருவாறு விடை சொல்லிவிடலாம்; ஏனெனில் பயிர் நட்ட இடத்திலேயே நின்று விளைகிறது. அதே நிலம் செம்மறி மேய்ச்சலுக்குத் தகுந்ததா என்று கேட்டாலோ, அங்கே விளைவது என்ன என்பதோடு விசாரணை நில்லாமல், விளைந்ததை ஆடு விரும்புமா, விரும்பினாலும் நடந்து எட்டுமா, எட்டினாலும் தாகத்துக்குள் தண்ணீருக்குத் திரும்ப முடியுமா, இவை யாவும் கூடிவந்தாலும் அது தின்றுவிட்டுப் போன பிறகு மறு வருஷமும் அங்கே புல் தழைக்குமா என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகக் கேள்விகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. இக்கேள்விகளை இடையர்கள் தங்கள் அனுபவத்தால் தீர்த்துக்கொண்டு வந்த காலம் நெடியது. அவற்றைக் கணினியில் அடுக்கிய நிலப்படங்களால் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்து சில பத்தாண்டுகளே ஆகின்றன. அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு நியாயமானது, எங்கே அது தன் எல்லையை மீறிவிடுகிறது என்பதை, இம்முறை மிகுந்த ஊக்கத்தோடு கையாளப்பட்ட தேசங்களுள் ஒன்றாகிய ஈரானை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஈரானின் விஸ்தீரணம் ஏறக்குறைய 16.5 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்ட பாகம் மேய்ச்சல் நிலமாகக் கணக்கிடப்படுகிறது. தேசம் முழுமைக்குமான சராசரி மழை வருஷத்துக்கு 250 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. அதிலும் காஸ்பியன் கரையோரத்தின் மேற்குப் பகுதி 1000 மில்லிமீட்டருக்கு மேல் பெற, நடுப் பாலைவனங்கள் 100 மில்லிமீட்டரைக்கூடக் காண்பதில்லை. வடக்கே அல்போர்ஸ் மலையும், வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் ஸாக்ரோஸ் மலைத்தொடரும் பனியைத் தேக்கி வைத்து, வசந்தத்தில் அதை உருகவிட்டு, உயர்ந்த சரிவுகளைக் கோடை முழுவதும் பசுமையாக வைத்திருக்கின்றன. குளிர்காலத்தில் தாழ்ந்த வெப்பப் பிரதேசத்திலும், கோடையில் உயர்ந்த குளிர் பிரதேசத்திலும் மந்தைகளை மேய்க்கும் வழக்கம் இந்தப் பூகோள அமைப்பிலிருந்தே பிறந்தது. குளிர்கால இடத்தைக் கிஷ்லாக் என்றும் கோடைகால இடத்தை யெய்லாக் என்றும் அங்கே சொல்கிறார்கள். பக்தியாரி, கஷ்காய் முதலிய கூட்டத்தார் கொழுத்த வாலையுடைய தங்கள் செம்மறிகளோடும் வெள்ளாடுகளோடும் இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஆண்டுதோறும் பயணம் போய்வந்தார்கள். கூப்பரும் ஷூட்சாக்கும் எடுத்து 1925-இல் வெளியான ‘கிராஸ்’ என்ற மௌனப்படத்தைப் பார்த்தவர்கள், காற்றூதிய ஆட்டுத்தோல்களைத் தெப்பமாகக் கட்டிக் காரூன் நதியைக் கடந்ததையும், ஸர்தே குஹ் மலையின் பனியில் வெறுங்காலோடு வழி வெட்டி ஏறியதையும் மறக்க மாட்டார்கள். அந்த ஜனங்கள் இத்தனை பாடும் பட்டது, மலைக்கு அப்பால் அந்தப் பருவத்தில் புல் இருக்கும் என்ற ஒரே அறிவை நம்பி.

அந்த அறிவு ராஜாங்கத்தின் ஏட்டில் ஏறவேண்டிய அவசியம் நேர்ந்த கதை வேறு. 1930-களில் ரேஸா ஷா இக்கூட்டத்தாரை ஓரிடத்தில் கட்டாயமாகக் குடியமர்த்தியபோது கால்நடைகள் பெருவாரியாக மடிந்தன; 1941-இல் அவர் முடி துறந்ததும் பலர் மீண்டும் பழைய பாதைகளில் புறப்பட்டுவிட்டார்கள். பிறகு 1963-இல் காடுகளும் மேய்ச்சல் நிலங்களும் தேசவுடைமை ஆக்கப்பட்டன. அதுவரையில் எந்தக் குடும்பம் எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது இறங்கலாம் என்பதைக் கூட்டத் தலைவர்களே பகிர்ந்து கொடுத்து வந்தார்கள். இனி அந்த அதிகாரம் சர்க்கார் இலாகாவின் கையிலுள்ள மேய்ச்சல் அனுமதிச் சீட்டுக்கு மாறியது. சீட்டில் இத்தனை ஆடு என்று ஓர் எண் எழுதியாக வேண்டும். தலைவனிடம் எண் கிடையாது. அவனிடம் இருந்தது ஞாபகமும் பேரமும்தான். நிலம் எத்தனை ஆட்டைத் தாங்கும் என்ற கேள்வி, இடையனுடைய கேள்வியாக இருந்தது போய் அதிகாரியுடைய கேள்வியாக மாறியதும், அளவுகோல் ஒன்றும் படம் ஒன்றும் தேவைப்பட்டன.

அளவுகோலை அளித்தது ரோமாபுரியிலுள்ள ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம். நிலத்தின் யோக்கியதையை மதிப்பிடுவதற்குப் பொதுவான ஒரு சட்டகத்தை அது 1976-இல் வெளியிட்டது. பரந்த வெளியில் மேயும் கால்நடைகளுக்கென்றே தனி வழிகாட்டி நூல் ஒன்றை 1991-இல் கொண்டுவந்தது. சட்டகத்தின் சாரம் இவ்வளவே: நிலம் பொதுவாக நல்லது, பொதுவாகக் கெட்டது என்று ஒன்றில்லை; இன்ன உபயோகத்துக்கு நல்லது என்றே சொல்ல வேண்டும். அந்த உபயோகத்துக்கு நன்கு தகுந்தது, நடுத்தரமாகத் தகுந்தது, ஓரளவே தகுந்தது என மூன்று வகுப்புகள்; அவற்றுக்குக் கீழே, இப்போதைக்குத் தகாதது என்றும் என்றைக்குமே தகாதது என்றும் இரண்டு. கோதுமைக்குத் தகாத சரிவு செம்மறிக்குத் தகும். பசுமாட்டுக்குத் தகாத சரிவும் செம்மறிக்குத் தகலாம். எளிமையான கருத்துத்தான். ஆனால் தீர்வை நிர்ணயத்துக்காக நிலத்தைத் தரம் பிரித்துப் பழகிய நிர்வாகங்களுக்கு இது புதிய பாடமாக இருந்தது.

படத்தை அளித்தது கணினி. ஒரே பிரதேசத்தின் மண் படத்தையும் சரிவுப் படத்தையும் தாவரப் படத்தையும் ஒளி ஊடுருவும் தாள்களில் வரைந்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் உபாயத்தை இயான் மெக்கார்க் 1969-இல் தம் நூலில் பிரசித்தப்படுத்தினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே கனடாவில் ராஜர் டாம்லின்சன், தேசம் முழுவதன் நிலக்கணக்கையும் கணினியில் ஏற்றி அடுக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார். 1972-இல் முதல் லாண்ட்சாட் விண்கலம் மேலே சென்றது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பதினோரு நாள் பறந்த விண்ணோடம் ஒன்று ரேடார் கொண்டு பூமியின் பெரும்பகுதிக்கு மேடுபள்ளக் கணக்கெடுத்தது. 2008-இல் லாண்ட்சாட் படங்கள் யாவருக்கும் இலவசமாயின. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல் விண்கலங்கள் பத்து மீட்டர் நுணுக்கத்தில் படம் அனுப்பி வருகின்றன. இன்று ஒரு மாணவன் காசு செலவின்றிக் கிடைக்கும் மென்பொருளையும் இலவசப் படங்களையும் வைத்துக்கொண்டு, ஒரு மலைச்சரகம் முழுவதற்கும் மேய்ச்சல் தகுதிப் படம் தயாரித்துவிட முடியும். இந்த வசதியை நான் குறைத்துப் பேச வரவில்லை. வசதி பெருகப் பெருக, எதைக் கணக்கிடுகிறோம் என்ற விசாரணை சுருங்கிப் போகும் அபாயம் உண்டு என்பதே என் கவலை.

ஈரானிய ஆய்வாளர்கள் பெரும்பாலும் பின்பற்றிய முறையில் மூன்று விசாரணைகள் தனித்தனியே நடந்து இறுதியில் ஒன்று கூடுகின்றன: தீவனம், தண்ணீர், மண் அரிப்பு. இவற்றுள் தீவன விசாரணையே பெரியது. பிழைகள் நுழையும் வாசலும் அதுவே.

முதலில், பிரதேசத்தைத் தாவர வகைப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சதுர மீட்டர் அளவுள்ள சட்டங்களை ஆங்காங்கே வைத்து, அதற்குள் முளைத்ததை அறுத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்க்கிறார்கள். ஹெக்டேருக்கு இத்தனை கிலோ உலர்தீவனம் என்று ஒரு தொகை கிடைக்கிறது. ஆனால் கிடைத்தது முழுவதும் ஆட்டுக்கு உரியதன்று. செடிகளை ஆடு விரும்பித் தின்பவை, கிடைத்தால் தின்பவை, வேறு கதியில்லாமல் தின்பவை என்று மூன்று தரமாக வைத்திருக்கிறார்கள். புரோமஸ் இனத்துப் புல் முதல் தரம். ஸாக்ரோஸ் சரிவுகளில் மெத்தை மெத்தையாகப் பரவிக் கிடக்கும் முள் அஸ்ட்ராகலஸ் கடைசித் தரம். அஸ்ட்ராகலஸைக் கீறி வடியும் பிசினை மனிதர் விற்றுக் காசாக்குகிறார்கள்; செம்மறிக்கோ அதன் முள் எட்டவிடாத வேலியாக நிற்கிறது. விரும்பித் தின்பதிலும் முழுவதையும் தின்னவிட்டால் செடி பிழைக்காது. பாதியைத் தின்னக் கொடு, பாதியை நிலத்துக்கு விடு என்பது அமெரிக்க மேய்ச்சல் நிபுணர்கள் வகுத்த பழைய பிரமாணம். வறண்ட நிலத்திலும் நலிந்த நிலத்திலும் தின்ன விடுவதை மூன்றிலொரு பங்குக்கும் கீழே குறைக்கச் சொல்வார்கள்.

கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்கலாம். நூறு ஹெக்டேர் நிலத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ உண்ணத்தக்க தீவனம் உலர் எடையில் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 40,000 கிலோ. பாதியை மேயவிடலாம் என்றால் 20,000 கிலோ. ஐம்பது கிலோ எடையுள்ள செம்மறிக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தால், நூறு நாள் மேய்ச்சலுக்கு 133 ஆடுகளை அங்கே விடலாம். பாதி என்பதை முப்பது சதவீதமாக மாற்றினால் ஆடுகள் எண்பதாகிவிடுகின்றன. மண்ணோ மழையோ ஆடோ மாறவில்லை. ஒரு நிபுணரின் அபிப்பிராயம் மாறியது, ஐம்பத்து மூன்று ஆடுகள் மலையைவிட்டு இறங்கிவிட்டன! படத்தில் வர்ணங்கள் எவ்வளவு திருத்தமாகத் தீட்டப்பட்டிருந்தாலும், அவற்றின் அடியில் இப்படியொரு அபிப்பிராயம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படம் பார்ப்பவன் அறிவதில்லை.

சட்டம் வைத்து அறுப்பது சிரமமான வேலையாதலால், விண்கலப் படங்களைக் கொண்டு தீவனத்தை மதிப்பிடும் முயற்சிகள் பெருகின. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பசுமைக்கு ஓர் எண் கிடைக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெரும்புல்வெளியில் பரிசோதிக்கப்பட்ட இந்தக் குறியெண், புல் அடர்ந்து படர்ந்த அத்தகைய இடங்களில் நன்றாகவே உழைக்கிறது. தரையில் காற்பங்குதான் செடி, மிச்சமெல்லாம் வெற்று மண்ணும் கல்லும் என்ற நிலையில், விண்கலம் காண்பது பெரும்பாலும் மண்ணின் நிறத்தையே. இதைத் திருத்த 1988-இல் ஹியூட் என்ற ஆய்வாளர் மண்ணுக்கு ஈடுகட்டும் மற்றொரு சூத்திரத்தை வகுத்தார். அது உதவுகிறது. ஆனால் எந்தச் சூத்திரமும் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் பின்னும் இருக்கிறது: விண்கலத்துக்குப் பச்சை ஒன்றே, ஆட்டுக்குப் பச்சை பலவிதம். அதிகமாக மேய்க்கப்பட்ட சரிவில் நல்ல புல் அழிந்து முட்செடி தழைத்திருந்தால், குறியெண் குறையாமலே நிலம் கெட்டுப்போயிருக்கும்.

செடியின் தரமும் வருஷம் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஸாக்ரோஸில் ஜாஷிர் என்று வழங்கும் பிராங்கோஸ் செடி பச்சையாக நிற்கும்போது செம்மறி அதை அதிகம் சீண்டுவதில்லை. அதையே அறுத்து உலர்த்திச் சேமித்தால் குளிர்காலத்துக்கு நல்ல தீவனமாகிறது. இச்செடியை எந்தத் தரத்தில் வைப்பது? ஜூன் மாதத்துப் படத்தில் அது பயனற்ற பசுமை. ஜனவரி மாதத்துப் பட்டியில் அதுவே மந்தையின் உயிர். ஒரு செடிக்கு ஓர் எண்தான் என்று வைத்துக் கணக்கிடும் முறைக்குள் இந்த விஷயம் அடங்குவதில்லை.

தண்ணீர் விசாரணை பார்வைக்கு எளிது. ஊற்று, ஓடை, கிணறு ஆகியவற்றைப் புள்ளியிட்டு, அவற்றைச் சுற்றி வட்டங்கள் வரைந்து, அருகிலுள்ளது முதல் வகுப்பு, தூரத்திலுள்ளது கடைசி வகுப்பு என்று வர்ணம் தீட்டிவிடலாம். மேய்ச்சல் நிபுணர் ஹோலிசெக் 1988-இல் மாடுகளுக்காகச் சொன்ன கணக்கின்படி, தண்ணீரிலிருந்து ஒரு மைல் வரை நிலத்துக்குக் குறைவில்லை. ஒன்றிலிருந்து இரண்டு மைல் வரை பாதியாகக் குறைக்க வேண்டும். அதற்கு மேல் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சரிவுக்கும் அவ்வாறே படிப்படியாகக் குறைத்து, அறுபது சதவீதத்துக்கு மேற்பட்ட செங்குத்தை ஒதுக்கிவிடச் சொன்னார். செம்மறி மாட்டைவிடச் சரிவில் சாமர்த்தியமுள்ளது; பசும்புல் தின்னும் பருவத்தில் தண்ணீருக்காக அதிகம் தவிப்பதுமில்லை. ஆகவே மாட்டுக்கு வகுத்த படிகளை ஆட்டுக்கு அப்படியே எடுத்துக்கொண்டால், செம்மறிக்கு உண்மையாகவே உதவும் நிலம் தகாததென்று தள்ளப்பட்டுவிடும்.

வட்டம் என்பதும் காகத்தின் கணக்கு. பறவைக்கு அரை மைல் என்பது, நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் ஆட்டுக்கு மூன்று மைலாகலாம். ஏறியிறங்கும் சிரமத்தையும் சேர்த்து நடைத்தூரம் கணிக்கும் வழி கணினியில் இருக்கவே செய்கிறது, ஆனால் அதன் பலன் அது ஆதாரமாகக் கொள்ளும் மேடுபள்ளக் கணக்கின் நுணுக்கத்தைப் பொறுத்தது. தொண்ணூறு மீட்டருக்கு ஓர் எண் என்று எடுத்தால், இடையிலுள்ள பாறைச் செங்குத்துகள் சராசரியில் கரைந்து, மலை உள்ளதைவிடச் சாதுவாகத் தோற்றமளிக்கும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. தென் ஆஸ்திரேலியாவின் வறண்ட செம்மறிப் பண்ணைகளில் லேங்கே என்ற தாவர ஆராய்ச்சியாளர், ஆட்டுத் தடங்களையும் புழுக்கைகளையும் எண்ணிப் பார்த்து, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மேய்ச்சலின் பாதிப்பு வட்டவட்டமாகப் பரவும் விதத்தை 1969-இல் விவரித்தார். தொட்டிக்கு அருகே தரை மிதிபட்டுப் புழுதியாகிறது. தூரம் செல்லச் செல்லச் செடிகள் மீள்கின்றன. தண்ணீரின் அருகாமைக்கு முதல் வகுப்புக் கொடுக்கும் படம், எனவே, மிகவும் நைந்துபோன தரைக்கே முதல் வகுப்புக் கொடுத்து மேலும் ஆட்டை வரவழைக்கிறது. இதைத் தடுக்க அரிப்பு விசாரணை இருக்கிறதே என்று சொல்லலாம்.

அரிப்புக்கு இரண்டு முறைகள் ஈரானில் செல்வாக்குப் பெற்றன. ஒன்று, யூகோஸ்லாவியாவில் காட்டாறுகளை ஆராய்ந்த காவ்ரிலோவிச் வகுத்தது. மற்றது, அமெரிக்காவின் பசிபிக் தென்மேற்குப் பகுதிக் குழு 1968-இல் வெளியிட்டு, பிற்பாடு திருத்தப்பட்டது. பின்னது பாறை, மண், காலநிலை, நீரோட்டம், தரையமைப்பு, தாவரப் போர்வை, நில உபயோகம், மேட்டுநில அரிப்பு, ஓடை அரிப்பு என்ற ஒன்பது காரணங்களுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டுகிறது. இவ்விரு முறைகளும் ஆற்றுப் படுகையில் வந்து சேரும் வண்டலைக் கணிக்கப் பிறந்தவை. ஆட்டுக்கு நிலம் ஒதுக்கப் பிறந்தவை அல்ல. இதனால் விளையும் குழப்பத்தைச் சிலரே கவனித்திருக்கிறார்கள். நில உபயோகமும் தாவரப் போர்வையும் அரிப்புக் கணக்குக்குள்ளேயே இருப்பதால், அளவுக்கு மிஞ்சி மேய்க்கப்பட்ட நிலம் அரிப்பில் அதிக மதிப்பெண் பெற்று, தகாத நிலமாகக் குறிக்கப்படுகிறது. இயற்கையாகவே பலவீனமான மண்ணும் அவ்வாறே குறிக்கப்படுகிறது. முன்னது ஓய்வு கொடுத்தால் தேறும். பின்னது என்ன செய்தாலும் தேறாது. நோயாளியையும் அங்கஹீனனையும் ஒரே கட்டிலில் கிடத்தும் இந்த வைத்தியத்தை ரோமாபுரிச் சட்டகம் அனுமதிக்கவில்லை. இப்போதைக்குத் தகாதது, என்றைக்குமே தகாதது என்று அது இரண்டாகப் பிரித்திருந்ததே இதற்காகத்தான். போதாக்குறைக்கு, எவ்வளவு மேயவிடலாம் என்ற விகிதத்தை நிர்ணயிக்கும்போதும் அரிப்பைக் கருதியே குறைக்கிறார்கள். பிறகு அரிப்புக்குத் தனிப்படம் ஒன்றும் சேர்க்கிறார்கள். ஒரே குற்றத்துக்கு நிலம் இருமுறை தண்டிக்கப்படுகிறது.

மூன்று படங்களும் தயாரான பிறகு அவற்றை எப்படிச் சேர்ப்பது என்பதில் அபிப்பிராய பேதம் அதிகம். பழைய முறை, எது மிகவும் தாழ்ந்ததோ அதுவே முடிவு என்பது; பயிருக்கு எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கிறது என்று லீபிக் பரப்பிய பத்தொன்பதாம் நூற்றாண்டு விதியின் வாரிசு இது. மற்றெல்லாம் முதல் வகுப்பாக இருந்தும் தண்ணீர் மூன்றாம் வகுப்பாயின் நிலம் மூன்றாம் வகுப்பே. கண்டிப்பான முறை, ஆயினும் எந்தக் காரணத்தால் நிலம் கீழிறங்கியது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. தண்ணீரால் இறங்கிய நிலத்தில் தொட்டி கட்டலாம். செங்குத்தால் இறங்கிய நிலத்தில் ஒன்றும் செய்வதற்கில்லை. இந்த வெளிப்படையான குணத்துக்காகவே நான் இம்முறையை ஆதரிப்பேன்.

புதிய முறைகளுள் பிரபலமானது தாமஸ் சாட்டி 1970-களில் உருவாக்கிய படிநிலை ஒப்பீடு. தீவனம் தண்ணீரைவிட எத்தனை மடங்கு முக்கியம், தண்ணீர் சரிவைவிட எத்தனை மடங்கு முக்கியம் என்று நிபுணர்களை ஒன்றிலிருந்து ஒன்பது வரையுள்ள அளவில் கேட்டு, எடைகளைக் கணக்கிட்டு, கூட்டிச் சராசரி காண்பது. நிபுணரின் விடைகள் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பரிசோதனையும் உண்டு. முரண் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் தேர்ச்சி. இந்தத் தேர்ச்சியைச் சிலர் உண்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர் தமக்குத்தாமே முரண்படவில்லை என்பதற்குச் சான்று, அவ்வளவே. ஒருவர் ஆதியோடந்தமாக ஒரே சீராகத் தவறு செய்யவும் கூடும். தவிர, சராசரியில் ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறைவை ஈடுகட்டிவிடுகிறது. படத்தில் அப்படி ஈடுகட்டலாம். தண்ணீரே இல்லாத இடத்தில் எவ்வளவு புல் இருந்தும் ஆட்டுக்கு என்ன பிரயோஜனம்?

எல்லைக்கோடுகளின் கொடுமையைத் தணிக்க வந்த மூன்றாவது உபாயம் தெளிவிலாக் கணங்கள். சரிவு முப்பது சதவீதம் என்றால் ஒரு வகுப்பு, முப்பத்தொன்று என்றால் அதற்குக் கீழ் வகுப்பு என்பது ஆட்டுக்குத் தெரியாத பேதம். ஒரு பொருள் ஒரு வகுப்பில் முழுதும் இருக்கலாம், பாதி இருக்கலாம், சிறிதளவு இருக்கலாம் என்று கொள்ளும் கணித சாஸ்திரத்தை 1965-இல் வெளியிட்டவர் லோட்ஃபி ஸாதே. பாகு நகரத்தில் பிறந்து, தெஹ்ரானில் வளர்ந்து, அங்கே கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். தம் கணிதம் பிற்காலத்தில் ஈரானிய மேய்ச்சல் சரிவுகளை வகுக்கப் பயன்படும் என்று அவர் அப்போது எண்ணியிருக்க இடமில்லை. இம்முறையில் படங்கள் கடுங்கோடுகளின்றி மெல்ல மாறுகின்றன, அழகாகவும் இருக்கின்றன. எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை மெல்ல மாறவேண்டும் என்பதை நிர்ணயிப்பதோ மறுபடியும் மனிதர்தான்.

இதுவரை சொன்னவை முறையின் உள்ளே எழும் விவாதங்கள். முறைக்கு வெளியே நின்று அதன் அடிப்படையையே அசைக்கும் விவாதம் ஒன்று 1980-களின் இறுதியில் கிளம்பியது. ஒரு நிலத்துக்கு நிலையான தாங்கும் திறன் உண்டு என்ற எண்ணம், தாவரச் சமூகங்கள் படிப்படியாக ஓர் இறுதி நிலைக்கு வளர்கின்றன என்ற கிளமென்ட்ஸின் 1916-ஆம் வருஷத்துக் கொள்கையிலிருந்து வந்தது. டிக்ஸ்டர்ஹுயிஸ் 1949-இல் அதை மேய்ச்சல் நிலத்தின் நிலைமையை அளக்கும் கருவியாக்கினார். வடமேற்குக் கென்யாவின் துர்க்கானா மக்களிடையே ஆராய்ந்த எல்லிஸும் ஸ்விஃப்டும் 1988-இல் இதை மறுத்தார்கள். மழை வருஷத்துக்கு வருஷம் தாறுமாறாக மாறும் நாட்டில், புல்லின் அளவைத் தீர்மானிப்பது ஆடு அன்று, வானமே. சராசரி வருஷம் என்று ஒன்று அங்கே வருவதேயில்லையாதலால், சராசரிக்கு ஆட்டைக் கணக்கிடுவது நல்ல வருஷத்தில் புல்லை வீணாக்கும், கெட்ட வருஷத்தில் ஆட்டைச் சாகவிடும் என்பது அவர்கள் வாதம். 1999-இல் இல்லியஸும் ஓகானரும் இதற்கு ஓர் எதிர்வாதம் வைத்தார்கள்: மழை எவ்வளவு மாறினாலும், வறண்ட பருவத்தில் மந்தையை உயிரோடு வைத்திருக்கும் சிறு இடங்கள் சில உண்டு, மந்தையின் அளவை அவையே தீர்மானிக்கின்றன, அங்கே பழைய கொள்கை செல்லும்.

ஈரானுக்கு இந்த எதிர்வாதம் மிகவும் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. யெய்லாக்கின் தகுதியை அந்தச் சரிவை மட்டும் பார்த்து நிர்ணயிக்க இயலாது. கோடையில் அங்கே வந்து சேரும் ஆடுகள் எத்தனை என்பதைத் தீர்மானித்தது தெற்கே நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள கிஷ்லாக்கின் குளிர்கால மழையும், இடையில் அறுவடைத் தாளடியும், இப்போதெல்லாம் விலைக்கு வாங்கிப் போடும் பார்லித் தீவனமுமாக இருக்கும். வாங்கிய தீவனத்தால் பிழைத்த மந்தை வசந்தத்தில் மலைக்கு வரும்போது, மலை தன் சக்தியால் வளர்க்காத ஆடுகளுக்கும் புல் கொடுக்கக் கடமைப்பட்டுவிடுகிறது. ஆய்வுகளோ பெரும்பாலும் ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியை எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குள் மூன்று படங்களை அடுக்கி முடிவுசெய்கின்றன. ஆற்றின் எல்லை வேறு. மந்தையின் எல்லை வேறு.

ஃபார்ஸ் மாகாணத்தின் பஸ்ஸேரி கூட்டத்தாரோடு 1950-களின் பிற்பகுதியில் வாழ்ந்த நார்வே அறிஞர் ஃப்ரெட்ரிக் பார்த், 1961-இல் வெளியிட்ட தம் நூலில் ‘இல்-ராஹ்’ என்ற ஏற்பாட்டை விவரிக்கிறார். கூட்டத்தின் பாதை என்று அதற்குப் பொருள் சொல்லலாம். உண்மையில் அது பாதையும் கால அட்டவணையும் சேர்ந்த ஒன்று. இன்ன பருவத்தில் இன்ன இடத்துப் புல்லுக்கு இன்ன கூட்டம் உரியது. அவர்கள் கடந்துபோன பிறகு அதே இடத்துக்கு வேறொரு கூட்டம் வேறு பருவத்தில் வரும். நிலம் ஒன்று, உரிமைகள் பல, ஒன்றோடொன்று மோதாமல், காலத்தால் பிரிக்கப்பட்டவை. இந்த ஏற்பாட்டை ஒரே ஒரு வர்ணப் படத்தில் எங்கே குறிப்பது? முதல் வகுப்பு என்று பச்சை தீட்டினால், ஏப்ரல் மாதத்தில் முதல் வகுப்பா, ஆகஸ்டு மாதத்தில் முதல் வகுப்பா? மேய்ச்சல் தகுதி நிலத்தின் குணம் மட்டுமன்று. நிலமும் ஆடும் காலமும் சேர்ந்த ஒரு சம்பந்தம் அது. கணினிக் கருவிகள் நிலத்தை அளப்பதில் நம்மை வெகுதூரம் கொண்டுவந்திருக்கின்றன. ஆட்டைப் பற்றி ஓரளவு சொல்ல முயன்றிருக்கின்றன. காலத்தை மாத்திரம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன.

இத்தனைக்கும் காலத்தை அளக்கும் சக்தி இக்கருவிகளுக்குத்தான் அதிகம். தரையில் சட்டம் வைத்து அறுப்பவன் பருவத்துக்கு ஒருமுறை போனால் பெரிது. இரண்டு சென்டினல் விண்கலங்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே சரிவைப் பார்க்கின்றன. லாண்ட்சாட்டின் பழைய படங்களோ நாற்பது வருஷத்துக்கு மேல் பின்னோக்கிச் செல்கின்றன. எந்த வருஷத்தில் பசுமை எப்போது எழுந்தது, எப்போது அடங்கியது என்று ஒவ்வொரு சரிவுக்கும் சரித்திரம் எழுத அவற்றால் முடியும். செம்மறியின் கழுத்தில் கட்டும் இடங்காட்டிக் கருவிகள் மந்தை எங்கே போயிற்று என்பதை நிமிஷவாரியாகச் சொல்கின்றன. ஆடு அங்கே போனது தன் விருப்பத்தாலா, இடையன் ஓட்டியதாலா என்பதை மாத்திரம் அவனிடம்தான் கேட்க வேண்டும். அவனைக் கேட்பது ஆய்வின் கௌரவத்துக்குக் குறைவென்று நினைப்பவர்கள், அறுத்த புல்லை எடைபோடும் சிரமத்தில் பாதியை அவனோடு பேசுவதில் செலவிட்டிருந்தால், எந்த ஊற்று ஆடி மாதத்தில் வற்றும், எந்தச் சரிவில் விஷச்செடி உண்டு என்ற இரண்டு படங்கள் இனாமாகக் கிடைத்திருக்கும்.

இக்கருவிகளை முதலில் எந்த வேலைக்கு ஏவலாம் என்று கேட்டால், ஆட்டின் எண்ணிக்கையைவிட, மந்தை மலையேறும் தேதியை நிர்ணயிக்கும் வேலைக்கு என்று சொல்வேன். மேய்ச்சல் நிலத்துக்கு நேரும் தீங்குகளில் பெரியது, பனி உருகிய ஈரம் காயுமுன் ஆடுகள் நுழைவது. வேரில் சேமித்த சத்தைச் செலவழித்து அப்போதுதான் தளிர்த்த புல்லை அவை கடித்துவிட்டால், அந்தப் புல் அவ்வருஷம் மீளத் தடுமாறுகிறது. ஈரமண் குளம்பால் இறுகி, பிறகு பெய்யும் மழையை உள்ளே விடுவதில்லை. அனுமதிச் சீட்டில் எழுதியுள்ள நுழைவுத் தேதியோ நாட்காட்டியைப் பார்த்து எழுதியது. பனி உருகுவது ஒரு வருஷத்துக்கு மறு வருஷம் வாரக்கணக்கில் முந்தவும் பிந்தவும் செய்கிறது. பனிக்கோடு சரிவில் எவ்வளவு உயரத்துக்கு ஏறிவிட்டது, அதன் பின்னே பசுமை எத்தனை நாளில் எழுகிறது என்று இரண்டையும் விண்கலப் படத்தில் பார்க்க முடியும். அதற்கு எடைகளும் வேண்டாம், நிபுணர்களின் மதிப்பெண்ணும் வேண்டாம். பள்ளத்தாக்குவாரியாக ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தத் தேதியைக் கணித்து, தாழ்ந்த சரிவுக்கு ஒன்று, உயர்ந்த சரிவுக்கு ஒன்று என்று மந்தைகள் புறப்படுமுன் அறிவித்தால், 133-ஆ எண்பதா என்ற வழக்கு அதன் பிறகு அவ்வளவு உக்கிரமாக இராது. ஏனெனில் பிந்தி ஏறிய மந்தைக்குக் கிடைக்கும் புல், முந்தி ஏறிய மந்தைக்குக் கிடைப்பதைக் காட்டிலும் அதிகமாக இருக்கும்.